பாலத்துக்கு மேலே அக்கா, கீழே நான்

என் அக்காவைக் கண்ணாடிக்கடையில் எல்லோரும் பவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது பழைய மூக்குக்கண்ணாடியோடு வந்தால் அதை வாங்கி, கையை நீட்டி எட்டப் பிடித்து, எதிர்ச் சுவரில் தொங்கும் காலண்டரை அதன் வழியாக ஒரு தடவை பார்ப்பாள். மெஷினில் வைப்பதற்கு முன்பே பவர் இவ்வளவு என்று சொல்லிவிடுவாள். மெஷினும் அதையேதான் சொல்லும். ஒரே ஒரு தடவை மெஷின் வேறு மாதிரி சொன்னது. மெஷினைப் பழுது பார்க்க ஆள் கூப்பிட்டார்கள்.

இருபத்தாறு வருஷமாக அந்தக் கடையின் பின்னறையில்தான் அவளுக்கு வேலை. உள்ளே நுழைந்தால் இடது பக்கம் லென்ஸ் தேய்க்கும் சக்கரம், அதன்மேல் தண்ணீர் சொட்ட ஒரு சின்னக் குழாய். வலது பக்கம் காகித உறை போட்ட லென்ஸ்கள் தட்டுத் தட்டாக. நடுவில் ஒரு முக்காலி, அதில் அவள். வட்ட லென்ஸைச் சக்கரத்தில் காட்டிக் காட்டி ஃபிரேமின் அளவுக்குக் கொண்டுவருவாள். கடைசியில் கண்ணால் பார்ப்பதில்லை. வலது கைக் கட்டைவிரலால் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவுவாள், “ஒரு மயிரிழை இருக்கு” என்பாள், மறுபடி சக்கரத்தில் காட்டுவாள். கண்ணாடி ஒரு பக்கம் சாய்கிறது என்று வாடிக்கையாளர் யாராவது சண்டைக்கு வந்தால், “காது ஒண்ணு மேல ஒண்ணு கீழ இருந்தா கண்ணாடி என்ன பண்ணும்? காதைக் கழட்டிக் குடுங்க, சரி பண்ணித் தரேன்” என்று உள்ளேயிருந்தே குரல் வரும். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அவளை அனுப்பவும் முடியாது. அவள் கை அப்படி.

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் எனக்குப் பயம். மாதக்கணக்கில் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, இப்போது ஒரு வழியாக ஆரம்பித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்கா ஆற்றுக்குப் போய்விடுவாள். குளிக்க இல்லை, கல் பொறுக்க. சாதாரணக் கல் இல்லை. இரும்பு என்றால் என்னவென்றே தெரியாத காலத்து மனிதர்கள் கல்லை உடைத்துச் செதுக்கி, குச்சியின் நுனியில் கட்டி, மிருகத்தின்மேல் எறிந்தார்களே, அந்த அம்பு முனையும் ஈட்டி முனையும். அவை இன்னமும் ஆற்றில் கிடக்கின்றன. வெள்ளம் வந்து கரையை அரித்துப் போட்டு வடிந்த பிறகு, கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக மேலே வந்து கிடக்கும். நீர் வடிந்த மறுநாள்தான் நல்ல நாள். காலை வெயில் சாய்வாக விழும்போது வெயிலைப் பார்த்து நடக்க வேண்டும். முனையைத் தேடக்கூடாது, ஓரத்தைத் தேட வேண்டும். கூழாங்கல் எல்லாம் உருண்டை. மனிதன் கை பட்ட கல்லுக்கு மட்டும்தான் கூரான ஓரம் இருக்கும், அது வெயிலில் ஒரு கோடு போல மினுங்கும்.

அவளுக்கு இந்தக் கிறுக்கு எப்போது பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்குப் பிடித்தது அவளிடமிருந்து. எனக்கு மருந்துக்கடையில் வேலை. மதியம் ஒன்றிலிருந்து இரவு பத்து வரை நின்றுகொண்டே மாத்திரை அட்டையைக் கத்தரிக்கிறவனுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு தேவைப்படுகிறது. ஞாயிறு எங்கள் கடைக்கு விடுமுறை. எட்டு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம்.

இந்தக் கல் பொறுக்கிகளுக்கு என்று சில சட்டங்கள் உண்டு. யார் முதலில் பார்த்தார்கள் என்பது கணக்கில்லை, யார் கை முதலில் பட்டதோ அவர்களுக்குத்தான் கல். இன்னொருவர் இடத்தில் கால் வைக்கக் கூடாது. மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, உன் இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. கட்டிய புருஷனிடமும், பெற்ற பிள்ளையிடமும் கூடத்தான். எங்கே கிடைத்தது என்று கேட்டால் பொய்தான் சொல்ல வேண்டும். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் சட்டத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், இலை மாதிரி ஒரு முனை, சுண்டுவிரல் நீளம், தேன் நிறம், ஒரு மூலை கூட உடையவில்லை. நான்தான் பார்த்தேன். பார்த்தவன் குனிந்து எடுத்திருக்கலாம். “அக்கா, இங்க பாரு!” என்று கத்தித் தொலைத்தேன். அவள் பார்த்தாள், குனிந்தாள், எடுத்தாள்.

“என் கை பட்டுடுச்சு” என்றாள்.

“நான் காட்டினதுக்கு அப்புறம்தானே?”

“சட்டம்னா சட்டம்தான். உன்னை யாரு கூவச் சொன்னா?”

மூன்று மாதம் நான் அவள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்புறம் அவளே ஒரு நாள் மருந்துக்கடைக்கு வந்தாள், தலைவலி மாத்திரை வேண்டும் என்றாள், என் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தாள். ஆற்றைக் கோடாக வரைந்து நடுவில் பாலம் போட்டிருந்தாள். பாலத்துக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம் அவளுடையது; கீழே, தண்ணீர் போகும் பக்கம் என்னுடையது. அப்பன் சொத்தைப் பிரிக்கிற மாதிரி ஆற்றைப் பிரித்தோம். அம்மா மேல் சத்தியம் பண்ணிக் கையெழுத்தும் போட்டோம். அன்றைக்கு ராத்திரி அவள் வீட்டில்தான் சாப்பாடு. நானே இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நாலு வருஷம் ஒழுங்காகப் போனது. பிறகு பாலத்துக்குக் கீழே இரண்டு கரைக்கும் சிமெண்டுச் சுவர் எழுப்பினார்கள். சரளைக் கல்லை எல்லாம் லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். என் பங்குக்கு மிஞ்சியது சுவர். அக்காவிடம் போய், “எனக்குக் கொஞ்சம் இடம் விடு” என்று கேட்டிருந்தால் விட்டிருப்பாள். திட்டிவிட்டு விட்டிருப்பாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பின்னாலேயே போனேன்.

அக்கா ஸ்கூட்டரைப் பாலத்துக்கு மேலே, இடது கரையில், மூடிக்கிடக்கும் பழைய பம்ப் ஹவுஸ் பக்கத்தில்தான் நிறுத்துவாள். அதனால் ஊரில் எல்லோருக்கும், அவள் புருஷனான மாமாவுக்கும், அவள் பொறுக்குவது பம்ப் ஹவுஸ் பக்கம் என்றுதான் எண்ணம். ஸ்கூட்டர் நின்ற இடத்தில் அவள் இருந்ததே இல்லை. நடைபாலம் வழியாக வலது கரைக்குப் போய், செங்கல் சூளைக்குப் பின்னால் புகுந்து, முக்கால் மணி நேரம் மேல்நோக்கி நடப்பாள். அங்கே ஆறு இரண்டாகப் பிரியும். நடுவில் நீளமாக ஒரு சரளைத் திட்டு, திட்டின் உச்சியில் ஒரே ஒரு கிழட்டு மரம். கரைக்கும் திட்டுக்கும் நடுவே கணுக்கால் அளவு தண்ணீரில் ஒரு வாய்க்கால். அதைத் தாண்டினால் அவள் ராஜ்யம். போனையும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் போவாள். “போன் நாம எங்க போனோம்னு மேப்புல போட்டுக் குடுத்துடும்” என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகு ஒரு வருஷம், செவ்வாயும் வியாழனும் காலையில், அவள் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் நேரத்தில், நான் அவள் திட்டில் இருந்தேன். தேன் நிறக் கற்கள் அங்கேதான் இருந்தன. எடுத்ததையெல்லாம் காலி மருந்து அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கிப் பரணில் போட்டேன். யாரிடமும் காட்டவில்லை.

அந்தத் திட்டு எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகவே தெரியும். மேலே அணையில் மதகு திறந்தால் சங்கு ஊதும். சங்கு ஊதிக் கால் மணியில் தண்ணீர் வரும். ஆனால் திட்டை அது முதலில் தொடாது. பின்னால் இருக்கும் வாய்க்காலில்தான் முதலில் ஏறும், சத்தமே இல்லாமல். நீ திட்டில் நின்று முன்னால் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாய், காலடி காய்ந்து கிடக்கும். திரும்பிப் பார்த்தால் போன வழி இருக்காது. ஒரு வியாழக்கிழமை எனக்கு அப்படி ஆயிற்று. சங்கு கேட்டும் இன்னும் ஐந்து நிமிஷம் என்று நின்றேன். தண்ணீர் ஏறும்போது ஓரத்துச் சரளை புரளும், புரளும்போது நனைந்த முனைகள் பளிச்சென்று தெரியும். அந்த ஐந்து நிமிஷத்துக்காக நாங்கள் எல்லோருமே நிற்போம். திரும்பினபோது வாய்க்கால் இடுப்பளவு. எனக்கு நீச்சல் தெரியாது. எப்படிக் கரையேறினேன் என்று இன்றுவரை தெரியாது. சூளைச் சுவரில் சாய்ந்து நின்றபோது பல் தந்தியடித்தது. அதற்கப்புறமும் அடுத்த செவ்வாய் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சங்கு ஊதியது. நான் வீட்டில் மிக்ஸியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மேலே மூன்று நாளாக நல்ல மழை என்று செய்தியில் சொன்னதும், அன்றைக்கு ஞாயிறு என்பதும், இரண்டும் ஒன்றாக மண்டையில் உறைத்தன. அக்கா போனுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. போன் எங்கே அடிக்கும் என்று தெரிந்தும் அடித்தேன். அவள் என்ன முட்டாளா, சங்கு கேட்டிருக்கும், கரையேறியிருப்பாள், நடந்து வந்துகொண்டிருப்பாள் என்று சொல்லிக்கொண்டு மிக்ஸியின் திருகைத் தேடினேன். திருகு என் கையிலேயே இருந்தது.

பத்தே முக்காலுக்கு மாமா போன் பண்ணினார். மாமா பஸ் ஓட்டுகிறவர், அவர் வீட்டில் பேசினால் தெருக்கோடியில் கேட்கும். அன்றைக்கு அவர் குரல் எனக்கே கேட்கவில்லை.

“மாப்ள, உங்க அக்கா இன்னும் வரல. ஆத்துல தண்ணி ரெண்டு கரையும் தொட்டுப் போகுதாம். நான் பம்ப் ஹவுஸ்லதான் நிக்கறேன். நீ வா.”

நான் போய்ச் சேரும்போது பதினொன்று ஐந்து. தீயணைப்பு வண்டி ஒன்று, ரப்பர் படகு ஒன்று, பத்து இருபது பேர். ஆறு பார்க்கவே பயமாக இருந்தது. தண்ணீர் நிறம் மாறி, பழுப்பாக, உறுமிக்கொண்டு, வேரோடு ஒரு மரத்தை உருட்டிக்கொண்டு போனது. மாமா அக்காவின் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ அவள் நம்பருக்கு அடித்துப் பார்த்தார்கள். சீட்டுக்கு அடியிலிருந்து போன் ஒலித்தது. அதைக் கேட்டதும் மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தீயணைப்பு அதிகாரி குட்டையான மனிதர், கழுத்தில் விசில். என்னிடம் வந்தார்.

“நீங்க தம்பியா? உங்களுக்கும் இதே பழக்கம்னு சொன்னாங்க. அவங்க வழக்கமா எங்க இறங்குவாங்க? இங்கதானா, வேற எடமா?”

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மணி பதினொன்று பத்து. வண்டியின் கண்ணாடிக்கு மேலே கடிகாரம் இருந்தது, நான் அதைப் பார்த்தேன்.

“தெரியாதுங்க” என்றேன்.

ஏன் சொன்னேன்? இப்போது உட்கார்ந்து காரணம் அடுக்கலாம். அம்மா மேல் சத்தியம். ஒரு வருஷத் திருட்டு. தெரியும் என்றால், எப்படித் தெரியும் என்று மாமா கேட்பார், அக்காவுக்குத் தெரிந்துவிடும், அவள் என் மூஞ்சியில் முழிக்க மாட்டாள். அவள் உயிரோடு இருந்தால்தானே முழிக்க என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, சூளைப் பக்கம் எங்கோ ஒதுங்கியிருப்பாள், இன்னும் பத்து நிமிஷத்தில் நடைபாலத்தில் வந்துவிடுவாள், நான் வீணாக வாயைத் திறந்து மாட்டிக்கொண்டதுதான் மிச்சமாகும் என்று தோன்றியது. பயம் எனக்கு. ஆற்றைப் பார்த்தும் பயம், அக்காவைப் பார்த்தும் பயம். அக்கா பயம் பெரிதாக இருந்தது. இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

படகு பம்ப் ஹவுஸிலிருந்து கீழ்நோக்கிப் போனது. எதிர்த்திசை. கரை ஓரப் புதர்களைக் கழியால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். நான் நடைபாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். அக்கா இல்லை. சைக்கிளில் ஒருவர் வந்தார். அப்புறம் யாருமே வரவில்லை. போலீஸ்காரர் கயிறு கட்டி நடைபாலத்தை மூடிவிட்டார். வாய்க்கால் இந்நேரம் எவ்வளவு இருக்கும், திட்டு இந்நேரம் எவ்வளவு இருக்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்து அந்தக் கரையில் நின்ற ஒரே ஆள் நான்.

அதிகாரி மறுபடி வந்தார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்ல ஏதாவது பேசும்போது சொல்லியிருப்பாங்க. ஒரு மரம், ஒரு பாறை, ஏதாவது.”

“இல்லீங்க. அவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா.”

அது உண்மைதான். அதுதான் கொடுமை.

மாமா எழுந்து என் தோளைத் தட்டினார். “விடு மாப்ள. உன்கிட்டயே சொல்லலைன்னா யாருகிட்ட சொல்லியிருக்கப் போறா” என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார் அந்த மனிதர்.

அப்போது படகில் போனவர்கள் புதரில் சிக்கியிருந்த ஒரு செருப்பைக் கொண்டுவந்தார்கள். பெண் செருப்பு. மாமா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் செருப்பு இல்லை, அவளுடையது கறுப்பு. ஆனால் மாமாவுக்கு அது தெரியவில்லை. முப்பது வருஷமாக வாசலில் பார்க்கிற செருப்பு எந்த நிறம் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. “இதா? இதுதானா?” என்று என்னிடம் நீட்டினார். அதே நேரம் அதிகாரி வயர்லெஸ்ஸில் பேசிவிட்டுத் திரும்பினார். பன்னிரண்டரைக்கு இரண்டாவது மதகு திறக்கிறார்கள், அதற்கப்புறம் படகை இறக்க முடியாது என்றார்.

அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“வலது கரை” என்றேன். “வலது கரையில பாருங்க. சூளைக்கு மேல, ஆறு பிரியற எடத்துல ஒரு திட்டு இருக்கு. மரம் இருக்கு.”

“தெரியாதுன்னீங்களே?”

“ஊகம்தாங்க. அவ கொண்டுவர கல்லு நிறத்தை வச்சு... இப்பதான் தோணுச்சு.”

கண்ணாடிக்கு மேலே மணி பதினொன்று நாற்பத்தைந்து. அந்த நேரத்தில் கூட ஒரு பொய்யைச் சேர்த்துக்கொள்ளாமல் என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

வழி காட்ட ஆள் வேண்டும் என்றார்கள். படகை வண்டியில் போட்டுச் சூளை வரை சுற்றிப் போனோம். எனக்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். நான் செவ்வாய்க்கிழமைகளில் கணுக்கால் நனைய நடந்த வாய்க்கால் அங்கே இல்லை. கரையிலிருந்து எதிர்க்கரை வரை ஒரே தண்ணீர். திட்டும் இல்லை. நடு ஆற்றில் கிழட்டு மரத்தின் மேல்பாதி மட்டும் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது.

“எங்க திட்டு?” என்றார் அதிகாரி.

“அதான்” என்றேன்.

படகு இறங்கியது. நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் இன்னும் பயம், திறந்தேன். மரத்தின் பின்பக்கம், கிளை பிரியும் இடத்தில், ஒரு தலை தெரிந்தது. தண்ணீர் நெஞ்சு வரை. அவள் கல் போடும் தோள்பையின் வாரை வலது மணிக்கட்டில் நாலைந்து சுற்றுச் சுற்றிக் கிளையோடு கட்டியிருந்தாள். ஆறு அவளை இழுக்க இழுக்க வார் இறுகியிருந்தது. அந்தக் கை நீலமாக, கை மாதிரியே இல்லாமல் இருந்தது. கத்தியால் வாரை அறுத்துத்தான் எடுத்தார்கள். படகில் போட்டபோது அவளுக்குக் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள். உதடு கறுத்துப்போய் நடுங்கியது, பேச்சு வரவில்லை. நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாமா கரையில் கத்திக்கொண்டே ஓடி வந்தார். இப்போது அவர் குரல் நன்றாகக் கேட்டது.

அக்கா பிழைத்துவிட்டாள். இரண்டு தடவை கையை அறுத்துத் தைத்தார்கள். மருத்துவர் மாமாவையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டு, கை போகாது, ஆனால் விரல்களில் உணர்ச்சி திரும்புவது சந்தேகம் என்றார். வார் எவ்வளவு நேரம் கட்டியிருந்தது என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. “ஒரு அரை மணி முன்னாடி எடுத்திருந்தா கதையே வேற” என்றார். அவர் போகிற போக்கில் சொன்னதுதான். மாமா, “அரை மணி முன்னாடி யாருக்குத் தெரியும் சார், இவன் ஊகிச்சதாலதான் இந்த அளவுக்காவது” என்று என் முதுகில் கை வைத்தார்.

அதிலிருந்து நான் வீரன். மாமா என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பஸ் டிப்போவில் சொன்னார், தெருவில் சொன்னார், அடுத்த படுக்கைக்காரரின் மாமியாரிடம் சொன்னார். என் முதலாளி நாலு நாள் விடுப்புக் கொடுத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா வாயைத் திறந்து, “அந்த எடம் உனக்கு எப்படித் தெரியும்?” என்று எப்போது கேட்பாளோ என்று அவள் கட்டிலின் காலடியிலேயே உட்கார்ந்திருந்தேன். மருந்து மயக்கத்தில் அவள் ஒவ்வொரு தடவை கண் விழிக்கும்போதும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அவள் கேட்கவில்லை. தண்ணீர் கேட்பாள், குடிப்பாள், தூங்கிவிடுவாள்.

நாலாம் நாள் சாயங்காலம் கண்ணாடிக்கடை முதலாளி பார்க்க வந்தார். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. முதலாளி கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், வேறு பக்கம் பார்த்தார், மறுபடி பார்த்தார். “மெஷின் உங்களை விசாரிக்கச் சொல்லிவிட்டுச்சு” என்று தமாஷ் பண்ணப் பார்த்தார். அக்கா சிரித்தாள்.

மாமா கதையை ஆரம்பித்தார். எத்தனையாவது தடவையோ. செருப்பு வந்தது, மதகு வந்தது, நான் வந்தேன். “கல்லு நிறத்தை வச்சே எடத்தைச் சொல்லிட்டான் சார். எப்படித்தான் ஊகிச்சானோ! எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு. எப்படி மாப்ள?”

நான் கட்டிலின் இரும்புக் காலைப் பார்த்தேன். காது சுட்டது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஊகமாவது ஒண்ணாவது” என்றாள் மாமாவிடம். “நீங்க வேற. அந்த எடத்தை நான்தான் இவனுக்குக் காட்டினேன். ஒரு வருஷமா இவனும் அங்கதான் பொறுக்கறான். உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்.” சொல்லிவிட்டு என் மணிக்கட்டை லேசாக அழுத்தினாள்.

அவளுக்குத் தெரியும். ஒரு வருஷமாக என் செருப்புத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த நாலு நாளும் நான் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தது எதற்கென்றும் பார்த்திருக்கிறாள். தம்பியின் திருட்டு புருஷனுக்குத் தெரிய வேண்டாம் என்று, தானே காட்டியதாக என்னைக் காப்பாற்றுகிறாள். பம்ப் ஹவுஸில் என்ன நடந்தது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. அவள் அங்கே இல்லை.

மாமா சிரித்த முகத்தோடுதான் இருந்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“ஒரு வருஷமா?” என்றார்.

“ஆமா. என்ன இப்ப?”

“இல்ல...” மாமா என்னைப் பார்த்தார். “அன்னிக்கு அந்த ஆபீசர் உன்கிட்ட கேட்டாரே மாப்ள. நான் பக்கத்துலதானே இருந்தேன். தெரியாதுன்னு சொன்னியே. ரெண்டு தடவை சொன்னியே.”

முதலாளி எழுந்து பையை எடுத்துக்கொண்டு, “நான் அப்புறம் வரேன்” என்று முணுமுணுத்தபடி வெளியே போனார். அக்கா என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. “என்ன கேட்டாங்க? யாரு கேட்டா?” என்றாள்.

இன்னொரு பொய் சொல்லலாம். தொண்டை வரை வந்தது. அவள் கை என் மணிக்கட்டில் இருந்தது.

“பதினொண்ணு பத்துக்கு என்கிட்டக் கேட்டாங்கக்கா” என்றேன். “நான் தெரியாதுன்னுட்டேன். பதினொண்ணே முக்காலுக்குத்தான் சொன்னேன்.”

கோபம் வரும் என்று பார்த்தேன். கோபம் வரவில்லை. ஏதோ கணக்கை மனசுக்குள் சரிபார்க்கிற மாதிரி நெற்றி சுருங்கியது.

“பதினொண்ணு பத்தா?” என்றாள். “நான் வாட்ச்சைப் பாத்துட்டேதான்டா நின்னேன். நான் வாரைக் கட்டினதே பதினொண்ணரைக்கு மேல. பதினொண்ணு பத்துக்குத் தண்ணி எனக்கு முழங்கால்லதான் இருந்துச்சு.”